காலரிக்குக் கீழே

சட்டை ஒன்று எழுநூறு ரூபாய் என்றார்கள்.
நாங்கள் நாலு பேர்.
செல்லூர்ச் சாயப்பட்டறையில் பதினோரு வருஷம்,
எனக்குத் தெரியாத கத்திரிப்பூ நிறமா?
நாலு வெள்ளைப் பனியனை முக்கி எடுத்துக்
கொடியில் போட்டேன்.
முதுகில் எட்டு என்று
லோகப்ரியா டிஸ்டம்பரால் எழுதினாள்.
நாலு முதுகிலும் எட்டு.
எங்கள் வீட்டில் எல்லாருக்கும் லிவிங்ஸ்டன்தான்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்து வாசலில்
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
என் சீப்பையும்.
"சீப்பை எறிஞ்சு யாரைக் கொல்லப் போறோம்?"
சோணைமுத்து கேட்டதற்குப்
போலீஸ்காரர் சிரிக்கவில்லை.

உள்ளே போனதும் முதலில் பச்சை.
டிவியில் பார்த்த பச்சை இல்லை;
அங்கங்கே சொட்டை விழுந்து,
கோல் கம்பத்தடியில் தேய்ந்து
செம்மண் தெரிகிற பச்சை.
பந்தை உதைக்கிற சத்தம்
உதைத்து முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது.
பக்கத்து ஆள் விட்ட கெட்ட வார்த்தை மட்டும்
உடனே வந்துவிட்டது.

அரைமணிக்குள் ரெண்டு வாங்கிவிட்டோம்.
தூத்துக்குடிக்காரய்ங்க ஓடின மாதிரியே தெரியவில்லை,
பந்துதான் அவய்ங்களைத் தேடித் தேடிப் போனது.
சோணைமுத்து எழுந்து நின்று
கோச்சுக்கு யோசனை சொன்னார்.
லைன்மேனுக்குச் சொன்னார்.
சுண்டல்காரனுக்கும் சொன்னார்.
வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால்
நாலு நாள் வாய் திறக்காத மனுஷன்.

வேர்வையில் சாயம் இறங்கி
எங்கள் கழுத்தெல்லாம் கத்திரிப்பூ.
பின்வரிசை அம்மா
தன் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கிஷாந்தின் செருப்பு
பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது.
போன வாரம் வாங்கியது.
முட்டி போட்டுக் குனிந்து
ஒரு கண்ணை இடுக்கில் வைத்துத் தேடினேன்.

கீழே இருட்டு. குழாய்கள். சுண்ணாம்பு மூட்டை.
கவிழ்த்த வாளி மேல் ஒரு ஆள்,
கோடு போடுகிறவராக இருக்கும்,
முழங்கை வரைக்கும் வெள்ளை,
ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
தூக்குச்சட்டியில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து
என் தலைக்கு மேலே இடி.
பலகை குதித்தது. தூசி கொட்டியது.
அவர் சோற்றைக் கையால் மூடிக்கொண்டு
அண்ணாந்தார்.
இடுக்கில் என் ஒற்றைக் கண்.

"யாரும்மா அடிச்சது?"

எனக்கு எப்படித் தெரியும்?
"நம்மதான்" என்றேன்.
"லிவிங்ஸ்டனா?"
"ஆமா."

செருப்பை இடுக்கில் செருகித் தள்ளிவிட்டார்.
நான் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்து
நடுக்கோட்டில் பந்தை வைத்திருந்தாய்ங்க.
மறுபடி காட்டுவார்கள் என்று
கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
காட்டவில்லை.

மூணுக்கு ஒண்ணு. தோற்றுப் போனோம்.

பஸ்ஸில் எனக்காக அந்தக் கோலை
மூன்று பேரும் அடித்தார்கள்.
சோணைமுத்துவின் கோல் வலது காலில்,
முப்பது கெஜத்திலிருந்து.
லோகப்ரியாவின் கோல் நெற்றியில் பட்டுத் திரும்பியது.
கிஷாந்த் பார்த்ததில்
பந்து யார் மேலயோ பட்டு
அதுவாகவே உள்ளே போயிருச்சு.
தல்லாகுளம் வருவதற்குள் சண்டை முற்றியது.
கோரிப்பாளையம் நெரிசலில்
முன் சீட்டுக்காரர் திரும்பினார்:
"அது லிவிங்ஸ்டனே இல்ல சார்.
பத்தாம் நம்பர்ப் பையன்."

எனக்குச் சுருக்கென்றது.

அந்த மனுஷர் இந்நேரம்
கைச் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு
வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்,
லிவிங்ஸ்டன் அடிச்சான் என்று,
கண்ணால் பார்த்த ஒரு பொம்பளை சொன்னாள் என்று.

அடுத்த ஆட்டம் பதினாலாம் தேதி.
இந்தத் தடவை சாயத்தில்
உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.